இருபத்தாறு கார்டிலும் ஒரே விரல்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னோடு வேலை பார்த்தவர்களில் யாராவது சொல்லிவிடுவார்கள். பாலை நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் செம்பில் வாங்குவேன். கடிதம் வந்தால் உறையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன், யாராவது ஆவியில் காட்டிப் பிரித்திருப்பார்களோ என்று. இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டிலிருந்து மூன்று மணி நேரம் நடக்க வேண்டிய ஒரு சிறிய பள்ளிக்கு ஆசிரியையாக அனுப்பினார்கள். எனக்குச் சொந்த ஊர் சந்தவாசல். பிறந்ததிலிருந்து அந்த மலையைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான். மேலே போய்க் குடியிருப்பேன் என்று நினைத்ததில்லை.

பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். தலைமையாசிரியரும் நானும் என இரண்டே பேர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு, மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள். சாதாரண நாட்களில் அவர்களோடு நன்றாகத்தான் இருப்பேன். தேர்வு வந்துவிட்டால் எனக்குள் ஒரு போலீஸ்காரி எழுந்துவிடுவாள். கரும்பலகையை நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கி, இடப்பக்கம் ஒரு கணக்கு, வலப்பக்கம் எண்களை மாற்றிப் போட்ட அதே கணக்கு என்று எழுதுவேன். ஒருவர் இடது, அடுத்தவர் வலது. எழுதுவதற்கு முன் எல்லோரும் சிலேட்டைத் திருப்பி அதன் முதுகைக் காட்ட வேண்டும்.

வாசிப்புத் தேர்வுக்கு இன்னொரு முறை வைத்திருந்தேன். ஒரு பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் பலாமரத்தடிக்கு அனுப்பிவிடுவேன். புத்தகத்தில் எனக்குத் தோன்றிய பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்வேன். பிறகு அதை வெளியே அனுப்பிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டு அதே பக்கத்தைப் படிக்க வைப்பேன். வரிகளை எண்ணிக்கொண்டே கேட்பேன். ஒரே வரியை இரண்டு பேர் விட்டுவிட்டால் அது படிப்பு இல்லை, ஒருவரிடம் ஒருவர் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்தது. இந்த முறையை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் புத்திக்குத் தானாக வந்தது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். இடது பக்கக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, நேரம் போகவில்லை என்று வலது பக்கத்தையும் போட்டு வைப்பாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தடுக்காமல் படிப்பாள். மூன்று முறை தனியாக உட்கார வைத்துச் சோதித்தேன். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் சிக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வருடம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்தது. எங்கள் பள்ளியிலிருந்து அவளை மட்டும் அனுப்பினோம். தேறிவிட்டாள். இனி வேண்டியதெல்லாம் காகிதம்தான். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்கள் எழுதித் தகப்பனார் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ரேங்க் கார்டு ஒன்று, பின்பக்கம் உறுதிமொழி அச்சடித்த சேர்க்கைப் படிவம் ஒன்று. இரண்டும் தலைமையாசிரியர் சான்றோடு குறித்த நாளுக்குள் கீழே போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அவளுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்த ஊரில் அதுவரை ஆறாம் வகுப்பு படித்த பெண் ஒருத்திகூட இல்லை.

அவளுடைய கார்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அரையாண்டுக் கட்டத்தில் தகப்பனார் கைநாட்டு. ரேகையின் குறுக்கே, மேலிருந்து கீழாகச் சாய்வாக, ஒரு வெள்ளைக் கோடு. எப்போதோ வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு. இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, தற்செயலாக அடுத்த கார்டைப் பார்த்தேன். அதிலும் அதே கோடு. அதற்கடுத்த கார்டிலும். தரையில் பாயை விரித்து இருபத்தாறு கார்டையும் வரிசையாகப் பரப்பினேன். இருபத்தாறு தகப்பன்மார்களுக்கும் ஒரே விரல், ஒரே தழும்பு. பள்ளியின் ஸ்டாம்ப் பேடு ஊதா. இதுவோ கறுப்பு, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தது மாதிரி.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வருடமாக நான் கண் எரிய உட்கார்ந்து திருத்தி, கூட்டி, ரேங்க் போட்டு அனுப்பிய கார்டுகளை எந்தத் தகப்பனும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம். பிள்ளைகளில் யாரோ ஒருத்தி எல்லோருக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அவ்வளவு கெட்டிக்காரி வேறு யார் இருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல, "இன்னைக்கு ரேகை பாடம். எல்லாரும் வரிசையா வந்து இந்தத் தாள்ல பெருவிரல வைங்க" என்றேன்.

ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. அது மட்டுமில்லை, இருபத்தாறு பேரும் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். மை என்றால் முகத்தில் பூசிக்கொள்ளும் வயது. நான் அதட்டினேன். நான்காம் வகுப்பில் ஒன்று அழ ஆரம்பித்தது. கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள்.

"வெரல் வெச்சா வூட்ல அடிப்பாங்க டீச்சர்."

"யாரு அடிப்பாங்க?"

"எல்லாரும்."

இத்தனை பேர் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால் சின்ன விஷயமாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சூட்டோடு சிவப்பு மையை எடுத்து இருபத்தாறு கார்டிலும், கைநாட்டுக்குப் பக்கத்தில், "ரேகை உண்மையானதல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசையில் அடுக்கினேன்.

அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கைநாட்டு தானேம்மா. எவன் வெச்சா இன்னா?"

"போலி சார் இது."

"தெரியும்மா. எனுக்கு முன்ன இருந்தவருக்கும் தெரியும். ஆனா சிவப்பு மையில எழுதிட்டீங்களே. இனிமே நான் கண்ண மூடிக்க முடியாது. அந்தப் பொண்ணோட ஃபாரம் இருக்குதே, அவ அப்பன் நேர்ல வந்து என் எதிர்ல வெரல் வெச்சாதான் நான் சான்று போடுவேன். புரியுதா, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்கன்னு?"

அப்போது எனக்குப் புரியவில்லை. வந்து வைத்துவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை போகவில்லை. சனிக்கிழமை காலையில் கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனேன்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் வீட்டில் கேட்டதும் கை நீட்டிக் காட்டிவிட்டார்கள். ஊர்க்கோடியில், அண்ணன் வீட்டுப் பின்புறத்தில் சார்ப்பு இறக்கிக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கார்டை நீட்டியதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இடது பெருவிரலைக் காட்டினாள். சாய்வாக அந்தத் தழும்பு. சாமைக் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டதாம்.

"என்னுது தான். எல்லாத்துலயும் என்னுது தான்" என்றாள். "உங்களாண்ட பொய் சொல்லி எனுக்கு இன்னா ஆவணும்?"

பிடிபட்ட முகமே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இது தப்பு என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வேலையை விடாமலே சொன்னாள்.

"முன்ன கீழருந்து ஒர்த்தன் வந்தான். பேர் எழுதினு போறேன், கவர்மெண்ட்ல சாமான் தருவாங்கன்னு சொன்னான். வூட்டுக்கு வூடு பேப்பர்ல வெரல் வாங்கினு போனான். அடுத்த காய்ப்புக்கு வண்டியோட வந்து புளியமரமெல்லாம் என்னுதுன்னான். பேப்பர காட்றான். வெரலு எங்களுதுதான், இல்லன்னு எப்பிடி சொல்றது? அதுக்கப்புறம் ஊர் கூடிப் பேசினாங்க. கீழருந்து எந்தப் பேப்பர் வந்தாலும் என் வெரல் தான் வெக்கணும்னு. எனுக்கு நெலம் இல்ல, மரம் இல்ல, மாடு இல்ல. புருசன் செத்துட்டான், புள்ளயும் இல்ல. என்னாண்டருந்து அவன் இன்னாத்த புடுங்குவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. "இது பள்ளிக்கூடத்து மார்க்கும்மா. இதுல மரமும் இல்ல, நெலமும் இல்ல" என்றேன்.

"அவனும் அதத்தான் சொன்னான்."

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். கார்டைக் கொண்டுவரும் பிள்ளைகளை முதலில் உரக்கப் படித்துக் காட்டச் சொல்வாளாம். படித்தால்தான் விரல். கணக்கில் யார் மட்டம், யாருக்கு எத்தனையாவது ரேங்க் என்று என்னிடமே வரிசையாக ஒப்பித்தாள். அந்த ஊரிலேயே என் கார்டுகளை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவள் விரலுக்குப் பக்கத்தில்தான் நான் உண்மையானதல்ல என்று எழுதி வைத்திருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அதன்பிறகு அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் தகப்பனாருக்கு மூன்று முறை ஆள் அனுப்பினேன். அவர் வரவில்லை. அவருக்குக் கொஞ்சம் சாமை நிலமும் நான்கு புளியமரங்களும் உண்டு. ஊர்க்கட்டை மீறி அவர் மட்டும் தன் விரலைக் கொடுத்தால், நாளைக்கு என்ன ஆனாலும் ஊர் அவர் பக்கம் நிற்காது. அதைச் சொன்னது அவர் மகள்தான். அழாமல், கணக்குக்கு விடை சொல்வது மாதிரி சொன்னாள். சிவப்பு மையை நான் ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். கார்டு ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். தலைமையாசிரியர் புதுக் கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து மதிப்பெண்களை மறுபடி எழுதச் சொன்னார். விரல் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

கடைசி நாள். படிவத்தை எடுத்துப் போக விடுதிப் பள்ளியின் ஜீப் காட்டுப் பாதையில் ஏறிக் காலையிலேயே வந்து நின்றுவிட்டது. டிரைவர் மதியத்துக்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து மணி வாக்கில் தகப்பனார் மகளோடு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு. உட்காரவில்லை. மேசைமேல் கிடந்த படிவத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் வெளியே பலாமரத்தடிக்குப் போனார்கள். அவள் படிக்க, அவர் தரையைப் பார்த்தபடி கேட்பது ஜன்னல் வழியே தெரிந்தது. குரல் எட்டவில்லை. படித்து முடித்ததும் அவளை மரத்தடியிலேயே நிற்க வைத்துவிட்டு, படிவத்தோடு அவர் மட்டும் உள்ளே வந்தார்.

"இப்போ நீங்க படிங்க டீச்சரம்மா."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இது என் தேர்வு. என் முறை. ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது. அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

படிவத்தை வாங்கி, பின்பக்க உறுதிமொழியைப் படித்தேன். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. கொஞ்சம் வேகமாகவே படித்தேன். அவர் இடது கை விரல்களின் கணுவில் பெருவிரலை நகர்த்திக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் பெருவிரல் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"பொண்ணு ஏழு படிச்சா. நீங்க ஆறு தான் படிச்சீங்க."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். ஐந்தாவது வாக்கியத்தை விட்டிருந்தேன். "விடுதியில் தங்கியிருக்கும் காலத்தில் மாணவிக்கு நேரிடும் எதற்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்பதை அறிவேன்." அதை ஏன் விட்டேன்? அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வரி காதில் விழுந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று என் நாக்குக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதுதான் உண்மை. வருடம் முழுக்கப் பிள்ளைகள் வரியை விடுகிறார்களா என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நான். வெட்கமாக இருந்தது. விட்ட வரியைப் படித்தேன்.

"ஆங், அதான்" என்றார். "பள்ளிக்கூடம் பொறுப்பில்லன்னா வேற யாரு பொறுப்பு?"

"எல்லா ஃபாரத்துலயும் இருக்கறதுதான்யா அது" என்றார் தலைமையாசிரியர்.

"எல்லா பேப்பர்லயும் இருக்கும் சார். தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மாக்கு கீழ நெலம் கீதா?"

"எங்கப்பா பேர்ல இருக்குதுங்க. ஒன்றரை ஏக்கர். சந்தவாசல்ல."

"அப்போ அந்த வரிக்குப் பக்கத்துல உங்க வெரல வெய்யுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு நிக்காது, நீங்க தான் நிக்கணும். அப்பறம் நான் வெக்கறேன்."

"நான் கையெழுத்துப் போடுறேனே."

"கையெழுத்து இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி போடலாம். வெரல் வெய்யுங்க."

ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். விரலைக் கொண்டுபோனேன். அப்படியே நின்றுவிட்டேன். எந்தக் கை விரலை வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேரை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் விடுதிக் கிணற்றில் விழுந்தால்? காய்ச்சலில் கிடந்தால்? யாரோடாவது எங்கேயாவது போய்விட்டால்? நாளைக்கு யார் யாரைத் தேடிக்கொண்டு எங்கே வருவார்கள்? அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருந்த வெற்றிடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அதில் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தில் குறுக்கே கோடு கிழித்தேன். உறுதிமொழியை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன், வாய்க்குள்ளேயே. ஹாரன் இரண்டு முறை அடித்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்துவிட்டேன். ஊதா மை விரலில் ஈரமாக நின்றது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் யோசிச்சீங்க."

"ஆமாங்க."

"படக்குன்னு வெச்சிருந்தீங்கன்னா பொண்ண கூட்டிக்கினு போய்ட்டிருப்பேன்."

துண்டில் இடது பெருவிரலை அழுத்தித் துடைத்துவிட்டு, முதலில் கார்டிலும் பிறகு படிவத்திலும் வைத்தார். தழும்பு இல்லாத ரேகை. என் கார்டுகளில் நான் பார்த்த முதல் தகப்பனார் விரல் அதுதான். படிவத்தில் இருந்த இரண்டாவது ரேகையை என்ன செய்வது என்று தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு என் விரலுக்குப் பக்கத்தில் "சாட்சி" என்று எழுதி முத்திரை குத்தினார்.

மற்ற இருபத்தைந்து கார்டுகளும் முழு ஆண்டுத் தேர்வுக்குப் பின் வழக்கம்போல வெட்டுத் தழும்போடு திரும்பி வந்தன. நான் ஒன்றும் எழுதவில்லை.

அவள் ஜூன் மாதம் கீழே போனாள். அடுத்த ஐந்து வருடம், அவள் பத்தாவது முடிக்கும் வரை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த விடுதியில் போய் நின்றேன். சாம்பாரைக் கரண்டியில் மொண்டு பார்ப்பேன். கிணற்றுக்கு மூடி போட்டாயிற்றா என்று பார்ப்பேன். அவளைத் தனியாக அழைத்து ஒரு கேள்வி கேட்பேன். அவள் தோழியைத் தனியாக அழைத்து அதே கேள்வியைக் கேட்பேன். என் சந்தேகப் புத்தி வாழ்க்கையில் உருப்படியாக வேலை செய்தது அங்கேதான்.

விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார். "உங்க பொண்ணாங்க?" என்றார். இல்லை என்றேன். "சொந்தமா?" அதுவும் இல்லை. "அப்புறம் இன்னாத்துக்கு மாசா மாசம் வந்து எங்கள இப்பிடி கேள்வி கேக்கறீங்க?"

"அவளோட சேர்க்கை ஃபாரத்துக்குப் பின்பக்கம் பாருங்க" என்றேன்.

அவர் பீரோவைத் திறந்து, கட்டைப் பிரித்து, அதைத் தேடி எடுத்தார். அதுவரை அவர் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. இரண்டு ஊதா விரல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நின்றபடியே முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நான் விரல் கணுவில் எண்ணிக்கொண்டு கேட்டேன்.